லுங்கியை இழுத்தது யார்?

கடைசி இட்லியைக் கையில் பிடித்தபடியே ரவிச்சந்திரன் ஒரு சபதம் செய்தார்.

"இனிமே நம்ம குரூப்புல அடுத்தவங்க வரைஞ்ச படத்தை, அடுத்தவங்க எடுத்த போட்டோவை, அவங்க பேரு போடாம எவன் போட்டாலும் தூக்கிடுவேன்!"

"படத்தையா, ஆளையா?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

"முதல் தடவை படத்தை. ரெண்டாவது தடவை ஆளை."

"மூணாவது தடவை?"

"ஆளையே தூக்கினப்புறம் மூணாவது தடவை ஏது நாயகி?"

"அதுவும் சரிதான். சட்னி பனியன்ல சொட்டுது பாருங்க."

சபதம் செய்வதில் ரவிச்சந்திரன் சூரர். காபியை விடுவதாகச் சபதம், தொப்பையைக் குறைப்பதாகச் சபதம், மாடிப்படியில் ஓடி ஏறுவதாகச் சபதம் என்று அணுபுரம் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து ஏகப்பட்டது ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஆயுசு அடுத்த வேளை சாப்பாடு வரைக்கும்தான். ஆனால் இந்தச் சபதம் வேறு ரகம். இதில் அவர் அடிபட்டிருந்தார்.

கொஞ்ச நாள் முன்னால் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில், மணலில் குப்புறப் படுத்து, கரையேறிக் கிடந்த ஒரு படகின் மூக்குக்கு நேராகச் சூரியன் வந்து உட்காரும் வரை காத்திருந்து ஒரு போட்டோ எடுத்தார். தொப்பை பூமியில் பதிந்த பள்ளம் அலை வந்து நிரப்பும் வரை அங்கேயே இருந்தது. அந்தப் போட்டோ உலகமெல்லாம் சுற்றிவிட்டு, தூத்துக்குடியில் இருக்கும் கொழுந்தியாள் மூலமாக அவருக்கே திரும்பி வந்தது. நான்கு மூலையிலும் ரோஜாப்பூ. நடுவில் 'இனிய காலை வணக்கம்'. கீழே, 'ஒளிப்படம்: உங்கள் பல்லாவரத்து அன்பன்'.

"பல்லாவரத்துல ஏது நாயகி கடல்?" என்று அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியில் கண்ணீர் இருந்தது. "ஏரி கூட இப்ப பாதிதானே இருக்கு?"

ரவிச்சந்திரன்தான் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். ஆபீஸில் பாதுகாப்புப் பிரிவு. 'பதற்றம் வேண்டாம், விதியை நினை' என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பெடுப்பது அவர் தொழில். ஆகவே சபதம் செய்த அன்று மதியமே குரூப்பில் விதி வந்தது. வரைந்தவர் பெயர் வேண்டும். படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்தால் அதை வெட்டக் கூடாது. முடிந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

குரூப் கலகலத்துப் போயிற்று.

ஒருவர் தாமரைப்பூ படம் போட்டு 'நன்றி: இணையம்' என்று எழுதினார். 'இணையம் என்பவர் யார்? எந்த பிளாக்?' என்று கேட்டுப் படத்தைத் தூக்கினார் ரவிச்சந்திரன். ஒரு அம்மாள் முருகன் படம் போட்டார். வரைந்தவர் பெயர் கேட்டதற்கு, 'முருகனை யார் வரைய முடியும்? அவனாக வந்தான்' என்று பதில் வந்தது. அட்மின் முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் தூக்கினார். மறுநாள் அந்த அம்மாளே தேடிப் பிடித்து, ஓவியரின் பெயரோடு மறுபடி போட்டார். இன்னொருவர், 'படம்: என் மகள், யூ.கே.ஜி. கையைப் பிடித்தது: நான்' என்று ஒரு யானையைப் போட்டார். இதுவல்லவோ நேர்மை என்று அட்மின் மூன்று கைதட்டல் போட்டார்.

"பாத்தியா நாயகி, குடியிருப்பே திருந்திடுச்சு."

"ம். அடுத்த பிளாக்கு மோகன் மட்டும் பாக்கி. அவரு ஏதோ படம் போட்டிருக்காரு பாருங்க" என்றாள் தெய்வநாயகி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பார்த்தார். வாயிலிருந்த காபி வெளியே வந்தது.

படத்தில் ஒரு வாஷிங் மெஷின். அதன் மேல் ஒரு ஆள். தலையில் மூக்கு வரை இறங்கிய மஞ்சள் ஹெல்மெட். கையில் விரித்த குடை. கட்டம் போட்ட லுங்கி. லுங்கிக்கு மேலே, எதிர்வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு தொப்பை. கீழே தரையில் நண்டுகள் கூட்டம் போட்டிருந்தன. ஒரு நண்டு இன்னொன்றிடம் சொல்கிறது: 'பாவம், நாம கடிக்க மாட்டோம்னு அவருகிட்ட யாராவது சொல்லுங்கப்பா.'

அடியில், 'கற்பனை, ஓவியம்: மோகன்'.

குரூப்பில் சிரிப்பு மழை. மோகனுக்கு மாலை, மகுடம், பூங்கொத்து எல்லாம் வந்து குவிந்துகொண்டிருந்தன.

ரவிச்சந்திரன் சிரிக்கவில்லை. காரணம் உண்டு. போன மாதம் மீன்காரி ரத்னா கொடுத்த நண்டுகளை 'நான் கழுவுறேன், நீ உக்காரு' என்று வீரமாக வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போன ஆள் அவர்தான். பக்கெட் கவிழ்ந்தது. நண்டுகள் நடந்தன. ரவிச்சந்திரன் பறந்தார். தெய்வநாயகி வந்து கதவைத் திறந்தபோது அவர் வாஷிங் மெஷின் மேல் இருந்தார். ஹெல்மெட்டோடும் குடையோடும்.

"நாயகி! இங்க வா! இது யாருகிட்டச் சொன்னே?"

"எது?"

"நண்டு!"

"நண்டு விஷயத்தை நண்டு குடுத்தவகிட்டத்தானே சொல்லணும்? ரத்னாகிட்டச் சொன்னேன். அடுத்த தடவை காலைக் கட்டிக் குடுன்னு."

"யாரு காலை?"

"நண்டு காலைத்தான். உங்க காலைக் கட்டினா மெஷின் மேல எப்படி ஏறுவீங்க?"

"அந்த ரத்னா போய் மோகன்கிட்டச் சொன்னாளா?"

"அவ எதுக்கு மோகன்கிட்டச் சொல்றா? மோகன் வூட்ல சைவம். ரத்னாவுக்கு ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு. சிறுசேரியில சாப்ட்வேர் கம்பெனியில வேலை. ஷட்டில் பஸ்ல போகச்சொல்ல வரச்சொல்ல போன்லயே படம் வரையும். இது அந்தப் பொண்ணு வரைஞ்சது. மோகன் ஓரத்தை வெட்டிட்டாரு."

தெய்வநாயகிக்குப் பிறந்த ஊர் கருங்குழி. பேச்சில் சூடு ஏறினால் கருங்குழி எட்டிப் பார்க்கும். 'வூடு' வந்துவிட்டது. ரவிச்சந்திரன் உஷாரானார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

தெய்வநாயகி தன் போனை நீட்டினாள். 'வூட்டுக்காரரு' என்று ஒரு பக்கம். ரஞ்சிதாவின் பக்கம். பல்லாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். மேலே அதே நண்டுப் படம், கீழ் மூலையில் மீன்முள் மாதிரி ஒரு சின்னக் கையெழுத்தோடு. ரவிச்சந்திரன் விரலால் தள்ளிக்கொண்டே போனார். குழாயை ரிப்பேர் செய்யப் போய்ச் சமையலறையில் நீச்சலடிக்கும் ஆள். டயட் என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருக்கும் ஆள். நடைப்பயிற்சிக்குக் கிளம்பி போண்டாக் கடை பெஞ்சில் நடந்துகொண்டிருக்கும் ஆள். எல்லாப் படத்திலும் ஒரே தொப்பை. எல்லாப் படத்துக்கும் கீழே, 'கதை: தெய்வநாயகி ஆன்ட்டி'.

போண்டா படத்துக்கு, கீழே இருந்த பெயரைப் படிக்காமலே, எப்போதோ அவரே ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தார். 'இப்படியும் ஒரு முட்டாள்' என்று எழுதியும் இருந்தார்.

"அடிப்பாவி! என் மானத்தை உலகம் பூராவும் ஏலம் போட்டிருக்கியே!"

"உங்க பேரு எங்கயாவது இருக்கா பாருங்க."

தேடினார். இல்லை.

"ஏன் இல்ல?" என்றார், தன்னை அறியாமல்.

"புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு கல்யாணமாகி வந்த அன்னிக்கே உங்கம்மா சொன்னாங்களே. மீறுவேனா?"

அம்மாவைக் கேட்கலாமென்றால் அம்மாவும் இப்போது இல்லை.

ரவிச்சந்திரன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பேசாமல் இருந்துவிட்டால் தப்பிக்கலாம். ஹெல்மெட் முகத்தை மறைத்திருக்கிறது. அந்தத் தொப்பை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. மோகனின் கற்பனை என்று ஊரே நம்புகிறது. நம்பட்டுமே! ஆனால் விதி? வெட்டிய கையெழுத்து? முருகனையே தூக்கிய அட்மின் மோகனை விட்டால் முருகன் விடுவானா?

"இன்னா, சபதம் அவ்ளோதானா?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

அந்த 'இன்னா' அவர் முதுகில் விழுந்தது. தூக்கினார். மோகனின் படம் குரூப்பிலிருந்து மறைந்தது.

மறுநாள் ஆபீஸ் பஸ் நிற்கும் இடத்தில் மோகன் அவரைப் பிடித்துக்கொண்டார். கணக்குப் பிரிவுக்காரர். ஒல்லி. தலை நிறைய முடி. வாய் நிறையப் பேச்சு.

"என்ன சார், என் படத்தைத் தூக்கிட்டீங்க?"

"உங்க படம் இல்லையே மோகன். ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு வரைஞ்சது. அவங்க பக்கத்துல இருக்கு."

"அந்தப் பொண்ணு என்கிட்ட இருந்து எடுத்திருக்கும் சார். இப்பல்லாம் கையெழுத்துப் போடவா தெரியாது? நான் வரைஞ்சது எனக்குத் தெரியாதா?"

"எங்க, ஒரு நண்டு வரைங்க பாப்போம்."

"மூடு வரணும் சார். கலை என்ன கரண்டு பில்லா, தேதி ஆனா வர்றதுக்கு?" மோகன் காலரைச் சரிசெய்துகொண்டார். "ஒரு விஷயம் தெரியுமா? மாமல்லபுரம் போற வழியில ஒரு ரிசார்ட்டு. போன வாரமே நான் வெளிய போட்ட இந்தப் படத்தைப் பாத்துட்டுச் சாப்பாட்டு ஹாலு சுவர் பூரா என் படமா மாட்டணும்னு கேக்குறாங்க. நம்ம கலை விழாவுல மேடையில திரை கட்டிக் காட்டப் போறேன். அவங்க ஆளும் வர்றாரு. உங்களால முடிஞ்சா அங்க வந்து என் படம் இல்லைன்னு நிரூபிங்க."

பஸ் வந்தது. மோகன் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஏறிய ரவிச்சந்திரன், சீட்டு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்தபடி யோசனையில் நின்றார்.

சனிக்கிழமை காலையில், தெய்வநாயகியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ரத்னா இருக்கும் மீனவக் குப்பத்துக்குப் போனார். அவர் திட்டம் இதுதான்: ரஞ்சிதாவை மேடைக்கு வரச் செய்வது. படம் அவளுடையது, கதை வெறும் கற்பனை என்று அவளே சொல்லிவிட்டால் அவளுக்குப் பெயர் கிடைக்கும், தன் பெயரும் கெடாது.

ரத்னா வாசலில் வலையைத் தள்ளி வைத்து இடம் பண்ணினாள். "வா சார், வா. இன்னா அங்கயே நின்னுகினு கீற? பயப்படாத, நண்டெல்லாம் வித்துப்போச்சு."

தெய்வநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ரஞ்சிதா உள்ளே இருந்து போனோடு வந்தாள். ரவிச்சந்திரனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பல மாதமாக வரைந்துவந்த தொப்பை, சட்டை போட்டுக்கொண்டு நேரில் வந்து நின்றால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது?

"சாரி அங்கிள். உங்களைக் கேட்டுட்டுத்தான் போட்டிருக்கணும். பேரு போடலன்னா போதும்னு நினைச்சேன்" என்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கோபம் அந்த ஒரு 'சாரி'யில் கரைந்து போயிற்று. "அது கெடக்கட்டும்மா. மோகன் விஷயம் தெரியுமா?"

"தெரியும் அங்கிள். போன வாரம் ஷட்டில்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு, செம காமெடி பாருன்னு காட்டிச்சு. என் நண்டு. கீழ வேற பேரு. இது நான் வரைஞ்சதுன்னேன். அது சிரிச்சுது. அடிச்சு வுடாதடின்னுது." ரஞ்சிதா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கப்புறம் கை வரல அங்கிள். வரைஞ்சு இன்னா, யாரு பேரோ தானே வரப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

"சாப்புடக்கூட மாட்டேங்குது சார். ஒரே பேஜாராக் கீது" என்றாள் ரத்னா. "அந்த ஆளு வூட்டாண்ட போய் நாலு கேள்வி கேக்குறேன்னேன். வேணாம்மான்னு அழுவுது."

ரவிச்சந்திரனுக்குத் தன் சூரியனும் நான்கு மூலை ரோஜாப்பூவும் கண்ணில் வந்தன. நெஞ்சை நிமிர்த்தினார். தொப்பையும் கூட நிமிர்ந்தது.

"உன் பேரை வரவழைக்கிறேன்மா. இது ரவிச்சந்திரன் வாக்கு. நீ விழாவுக்கு வா. ஒரே ஒரு உதவி மட்டும். அந்த ஆளு யாருன்னு கேட்டா, கற்பனைன்னு சொல்லிடு."

"கதைக்கு ஆன்ட்டி பேரு போடணுமே அங்கிள்?"

"அது... ஆன்ட்டி பெருந்தன்மையா விட்டுக்குடுப்பாங்க."

"விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றாள் ஆன்ட்டி. "குரூப்புல விதி போட்டது யாரு?"

விழா அன்று சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லை. மேடையில் வெள்ளைத் திரை. முன்வரிசையில் ரிசார்ட் ஆள், கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு. பின்னால் தெய்வநாயகி, அவளுக்கு ஒரு பக்கம் ரத்னா, மறுபக்கம் ரஞ்சிதா. ரவிச்சந்திரன் நடு இருக்கையில்.

மோகன் மைக்கைப் பிடித்தார். திரையில் நண்டுகள் வந்தன. கூடம் சிரித்து ஓய்ந்தது.

"ஒரு நாள் கடற்கரையில உக்காந்திருந்தேன். நண்டு போச்சு. கற்பனை வந்துச்சு" என்றார் மோகன்.

ரவிச்சந்திரன் எழுந்தார். "இந்தப் படம் மோகன் வரைஞ்சது இல்ல. வரைஞ்சவங்க அதோ, ரஞ்சிதா."

கூடம் திரும்பியது. ரஞ்சிதா எழுந்து போனைத் தூக்கிக் காட்டினாள். மோகன் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு போன்ல என் படம் இருக்கறது பெருமைதான். இந்தக் காலத்துல தேதியைக் கூட மாத்திக்கலாம் சார். வேற சாட்சி இருக்கா?"

சலசலப்பு. "ஆமா, யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள். "அட்மினுக்கு மோகன் மேல பொறாமை" என்று இன்னொரு குரல். ரிசார்ட் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரஞ்சிதாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கை இறங்கியதை ரவிச்சந்திரன் பார்த்தார். திரையைப் பார்த்தார். வெட்டிய படம். திடீரென்று ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் இருந்த ஆளின் லுங்கி ஒரு பக்கமாக விறைத்துக் கீழ்நோக்கிப் போய்ப் படத்தின் ஓரத்தில் முடிந்திருந்தது.

"மோகன், ஒரு சந்தேகம். அந்த லுங்கி ஏன் அப்படி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது?"

மோகன் திரும்பிப் பார்த்தார். இதுவரை அவர் அதைக் கவனித்திருக்கவே இல்லை. "அதுவா? காத்து சார். கடல் காத்து."

"வாஷிங் மெஷின் இருக்கறது எங்க?"

"எங்க... பாத்ரூம்ல. பின்னால டைல்ஸ் இருக்கே."

"கதவு சாத்தியிருக்கு. ஜன்னல் இல்ல. பாத்ரூமுக்குள்ள கடல் காத்து எங்கய்யா வந்துச்சு?"

கூடத்தில் ஒரு 'அட' கிளம்பியது.

"அது... எக்ஸாஸ்ட் ஃபேன்."

"எக்ஸாஸ்ட் ஃபேன் மேல இழுக்கும். லுங்கி கீழ போவுது. மோகன், லுங்கியை இழுத்தது காத்து இல்ல. நண்டு! பெரிய நண்டு, கொடுக்கால முனையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. கையெழுத்தை வெட்டும்போது அந்த நண்டையும் சேத்து வெட்டிட்டீங்க!"

"சும்மா அடிச்சு விடாதீங்க சார். நண்டு இழுத்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரவிச்சந்திரன் பக்கவாட்டில் பார்த்தார். பக்கத்து இருக்கையில் அவருடைய ஆபீஸர். அதற்கடுத்து, நேற்றுத்தான் அவர் 'பதற்றம் வேண்டாம்' என்று வகுப்பெடுத்த புதுப் பையன்கள். பின்னால் திரும்பினார். ரஞ்சிதா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தெய்வநாயகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்னா..." என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்படித் தெரியும்னா, இழுபட்ட லுங்கி என்னுது."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"மெஷின் மேல நிக்கறது நான்தான்யா! ஹெல்மெட் எங்க செக்‌ஷன் ஹெல்மெட். உயரத்துல நின்னா ஹெல்மெட் போடணும், அது விதி! எங்க வீட்டு நண்டு, எங்க வீட்டு பாத்ரூம், என் லுங்கி. என் சம்சாரம் சொல்லி இந்தப் பொண்ணு வரைஞ்சுது. ரஞ்சிதா, முழுப் படத்தையும் போடும்மா!"

ரஞ்சிதா மேடையேறித் தன் போனை இணைத்தாள். திரையில் முழுப் படம் வந்தது. கீழ் மூலையில் ஒரு தடித்த நண்டு, லுங்கி முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, 'இறங்குங்க மாமா, சாப்பிடலாம்' என்றது. அதன் பக்கத்தில் மீன்முள் கையெழுத்து. ரஞ்சிதா.

அப்புறம் எழுந்த சிரிப்பில் கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. ஆபீஸர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரத்னா எழுந்து நின்று, "எம் பொண்ணு வரைஞ்சது! நண்டு நான் குடுத்தது!" என்று கத்தினாள். மோகன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், கெட்டவர் இல்லை.

"யாரோ அனுப்பினாங்க. நல்லா இருந்துச்சு. ஓரத்துல பேரு இருந்துச்சு, வெட்டினேன். வெட்டின இடம் வெறிச்சுன்னு இருந்துச்சு. என் பேரைப் போட்டேன். எல்லாரும் பாராட்டினாங்க. அப்புறம் எப்படி வாபஸ் வாங்கறது?" என்றார். பிறகு ரஞ்சிதாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். மைக்கிலேயே சொன்னதால் அது ஊருக்கே கேட்டது.

ரிசார்ட் ஆள் ரஞ்சிதாவிடம் போனார்.

அடுத்த ஞாயிறு ரஞ்சிதா அவர்கள் வீட்டுக்கே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கை மறுபடி வர ஆரம்பித்துவிட்டதாம்.

"அங்கிள், ரிசார்ட்ல எல்லாப் படத்தையும் கேக்குறாங்க. பேரோட மாட்டுவாங்க. ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன். கதை ஆன்ட்டியோடது, படம் என்னோடது, ஆனா தொப்பை உங்களோடதாச்சே. இந்தத் தடவை கேக்காம செய்ய மாட்டேன்."

"முடியாதும்மா" என்றார் ரவிச்சந்திரன். குரலில் எஃகு. "உன் பேருக்காக மேடையில நின்னேன். அது நியாயம். ஆனா சுவத்துல நிக்க மாட்டேன். எங்க ஆபீஸர் குடும்பத்தோட அங்கதான் சாப்பிடப் போவார். அவர் சாம்பார் ஊத்தும்போது நான் மெஷின் மேல நிக்கணுமா? முடியவே முடியாது."

ரஞ்சிதா ஆன்ட்டியைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள் தெய்வநாயகி. "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை. கருங்குழி இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு 'சரிங்க' வந்ததே கிடையாது. ரவிச்சந்திரன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இரண்டு நாள் போயிற்று. துணி மடித்துக்கொண்டே தெய்வநாயகி பேச்சைத் தொடங்கினாள்.

"ரஞ்சிதா பேசிச்சுங்க. முகத்தையும் உடம்பையும் மாத்தி வரைஞ்சா என்னன்னு யோசிக்குது. ஒல்லியா, தலை நிறைய முடியோட."

"செய்யட்டுமே. நல்லதாப் போச்சு."

"மோகன் மாதிரி ஒரு ஆளு இருந்தா எடுப்பா இருக்கும்னு பேசிட்டிருந்தோம். கீழ 'மாடல்: மோகன்'னு பேரு போட்டுட்டா அவருக்கும் ஒரு ஆறுதல்."

ரவிச்சந்திரன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மோகனா?"

"ஏன், அவருக்கென்ன?"

"அவன் வூட்ல சைவம்! நண்டை அவன் படத்துலதான் பாத்திருக்கான்! அவனா மெஷின் மேல ஏறினான்? அவன் லுங்கியையா நண்டு இழுத்துச்சு? காத்து இழுத்துச்சுன்னு சொன்ன பய நாயகி அவன்!"

"உங்களுக்குத்தான் வேண்டாமே?"

"எனக்கு வேண்டாம்னா அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துடுவியா? முதல்ல அந்தப் பொண்ணு படத்தைத் தன்னுதுன்னான். இப்ப என் அனுபவத்தையும் அவன் பேருலயா? இதுக்கா நான் ஊர் முன்னால மானத்தை விட்டேன்? போனைக் குடு!"

"எதுக்குங்க? விடுங்க. வீணா..."

"குடுன்னா குடு!"

ரஞ்சிதாவைக் கூப்பிட்டார். அவர் குரல் எதிர் பிளாக் வரை கேட்டது. "ரஞ்சிதா! ஒரு கோடு மாத்தக் கூடாது. தொப்பை அப்படியே இருக்கணும். எல்லாப் படத்தையும் மாட்டச் சொல்லு, போண்டா படம் உள்பட. கீழ முழுப் பேரு வரணும். இனிஷியலோட! நான் சம்மதம்னு ரிசார்ட்டுக்கு இப்பவே மெசேஜ் அனுப்பறேன்."

அனுப்பினார். அனுப்பிவிட்டு, போரில் கொடி நாட்டியவர் மாதிரி மூச்சு வாங்கினார். தெய்வநாயகி மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். "நீங்க சொன்னா சரிங்க" என்றாள்.

மறுநாள் காலை பால் பூத்தில் மோகன் நின்றிருந்தார். ரவிச்சந்திரன் நேராகப் போனார்.

"மோகன், ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். அந்த மாடல் வேலையெல்லாம் உமக்கு நடக்காது. மெஷின் மேல நிக்கறது நான். கடைசி வரைக்கும் நான்தான்."

மோகன் பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். "என்ன மாடல் சார்? என்னை யாரும் எதுவும் கேக்கலையே? விழா முடிஞ்சதுல இருந்து நான் படம்னாலே கண்ணை மூடிக்கறேன் சார்."

'பேசிட்டிருந்தோம்' என்று தெய்வநாயகி சொன்ன வார்த்தை ரவிச்சந்திரன் காதில் மெல்ல வந்து உட்கார்ந்தது. மோகனைக் கேட்டோம் என்று அவள் எங்கே சொன்னாள்? பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்தே தீர்வது என்ற உறுதியோடு மாடிப்படி ஏறினார். கதவைத் தட்டினார்.

தெய்வநாயகி திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, போனை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்க. ஏமாந்த மொகம் மட்டும் ரஞ்சிதாவுக்குச் சரியா வரமாட்டேங்குதாம்."